கலை வரலாறு படிக்கப் போகிறீர்களா? சேருவதற்கு முன்பும் முதல் ஆண்டிலும் செய்ய வேண்டியவை

"எனக்கு வரையவே வராதே, கலை வரலாறு படிக்கலாமா?" பிளஸ் டூ முடித்தவர்களும் சரி, பொறியியலோ பி.காமோ முடித்துவிட்டுத் திசை மாற நினைப்பவர்களும் சரி, முதலில் கேட்பது இதைத்தான். தாராளமாகப் படிக்கலாம். வரையக் கற்றுத் தரும் படிப்பு வேறு, இது வேறு. ஒரு சிலையையோ ஓவியத்தையோ கட்டடத்தையோ யார் செய்தார்கள், யாருடைய காசில் செய்தார்கள், எதற்காகச் செய்தார்கள், அந்தக் காலத்தில் பார்த்தவர்கள் அதை என்னவாக எடுத்துக்கொண்டார்கள், பிறகு அது எங்கெல்லாம் போய்ச் சேர்ந்தது என்று விசாரிக்கும் படிப்பு இது. இப்போது பல பாடத்திட்டங்களில் சேர்ந்திருக்கும் காட்சிப் பண்பாடு என்ற பகுதி, இதே விசாரணையை அருங்காட்சியகத்துக்கு வெளியே கொண்டுபோகிறது. மளிகைக் கடைக் காலண்டர், சினிமா பேனர், தேர்தல் சுவரெழுத்து, கைபேசியில் வரும் 'குட் மார்னிங்' படம் எல்லாமே அதில் அடக்கம்.

இரண்டிலும் உங்களிடம் எதிர்பார்ப்பது ஒன்றைத்தான்: கண்ணால் பார்த்ததைச் சான்றாக வைத்து வாதாடத் தெரிய வேண்டும். ரசனை இருந்தால் நல்லது, அது போதாது. நினைவாற்றல் இருந்தாலும் அப்படித்தான். கீழே சொல்லியிருக்கும் எல்லாமே அந்தப் பழக்கத்தை உண்டாக்கிக்கொள்ளும் வழிகள்தான்.

1. எங்கே சேர்வது

கலை வரலாற்றை இளநிலையிலேயே முதன்மைப் பாடமாகத் தரும் இடங்கள் இந்தியாவில் குறைவு. பரோடா எம்.எஸ். பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் புலம் 1950இல் தொடங்கியது. அங்கே ஓவியமும் சிற்பமும் படிப்பவர்களோடு ஒரே வளாகத்தில் கலை வரலாறும் படிக்கலாம். தாகூர் 1919இல் சாந்திநிகேதனில் தொடங்கிய கலா பவனத்திலும் இந்த வசதி உண்டு. பக்கத்து அறையில் ஒருவர் கல்லைக் கொத்திக்கொண்டிருக்கும்போது, உளி போகும் திசை, கல்லின் பிடிவாதம் எல்லாம் யாரும் பாடம் எடுக்காமலேயே புரிந்துவிடும். முடிந்தால் இப்படிப்பட்ட இடத்தையே தேர்ந்தெடுங்கள் என்பேன்.

பெரும்பாலோர் முதுகலையில்தான் இந்தத் துறைக்குள் வருகிறார்கள். அதற்குத் தில்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் 2001இல் தொடங்கிய கலை, அழகியல் புலம் இருக்கிறது. காட்சிக் கலை, நாடகம், சினிமா மூன்றையும் அங்கே ஒரே கூரைக்குக் கீழ் படிக்கலாம் என்பதால் காட்சிப் பண்பாட்டில் நாட்டமுள்ளவர்களுக்குப் பொருந்தும். 1989இல் தேசிய அருங்காட்சியகத்தோடு இணைந்து தொடங்கிய கல்வி நிறுவனம் இன்று இந்தியப் பாரம்பரிய நிறுவனம் என்ற பெயரில் நொய்டாவில் இயங்குகிறது. கலை வரலாறு, அருங்காட்சியகவியல், பொருள் பாதுகாப்பு (பழைய கலைப்பொருள்கள் சிதையாமல் காக்கும் வேலை) ஆகியவை அங்கே தனித்தனிப் பட்டங்கள். ஹைதராபாத் பல்கலைக்கழகத்தின் சரோஜினி நாயுடு புலத்தையும் பட்டியலில் வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் ஸ்டெல்லா மாரிஸ் பெண்கள் கல்லூரியின் நுண்கலைத் துறை வெகுகாலமாக இருக்கிறது. எழும்பூர் அரசு கவின் கலைக் கல்லூரியை 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கினார். அது முதன்மையாகக் கைவேலை கற்கும் இடம், வரலாறு அங்கே துணைப் பாடம்.

முதுகலைக்குப் பெரும்பாலும் எந்தப் பட்டம் முடித்தவரும் விண்ணப்பிக்கலாம். மத்தியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் க்யூட் பிஜி என்ற பொது நுழைவுத் தேர்வு வழியாகத்தான் சேர்க்கை. எந்தத் தாள் எழுத வேண்டும் என்பதை அந்தந்த ஆண்டு அறிவிக்கையில் பார்த்த பிறகு விண்ணப்பியுங்கள். தாள் மாறிப்போனால் நல்ல மதிப்பெண் வாங்கியும் பலன் இருக்காது.

கல்லூரியின் பெயரைவிட அதன் பாடத்திட்டத்தைப் பார்ப்பது முக்கியம். ஆய்வுமுறை பற்றி ஒரு தாளாவது இருக்கிறதா? ஆண்டுக்கு ஒரு களப்பயணமாவது கூட்டிப் போகிறார்களா? கடைசிப் பருவத்தில் ஆய்வேடு எழுத வேண்டுமா? இந்த மூன்றும் இல்லாமல் 'சிந்து சமவெளி முதல் நவீனம் வரை' என்று மட்டும் போட்டிருந்தால், மனப்பாடம்தான் மிஞ்சும்.

2. ஒரு பொருள், ஒரு மணி நேரம்

வகுப்பு தொடங்கும் முன்பே செய்யக்கூடிய பயிற்சி இது. ஏதாவது ஒரு பொருளின் முன்னால் ஒரு மணி நேரம் உட்காருங்கள். கைபேசி பைக்குள் இருக்கட்டும். பார்ப்பதை எல்லாம் எழுதுங்கள். முதல் பத்து நிமிடத்தில் எழுத ஒன்றுமில்லை என்று தோன்றும். அதற்கு அப்புறம்தான் கண் வேலை செய்யத் தொடங்கும்.

சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு மாமல்லபுரத்துப் பெரிய புடைப்புச் சிற்பத்தைவிட நல்ல பயிற்சிக்களம் கிடையாது. கிழக்கு பார்த்த பாறை, அதனால் காலையிலேயே போய்விடுங்கள். பக்கவாட்டில் விழும் வெயிலில்தான் செதுக்கலின் ஆழம் எடுப்பாகத் தெரியும். உச்சி வெயிலில் எல்லாம் தட்டையாகிவிடும்.

90 அடி அளவுக்கு நீளும் பாறை, நடுவே இயற்கையான பிளவு. பிளவுக்குள் நாகர்கள் கைகூப்பியபடி மேல்நோக்கி எழுகிறார்கள். பிளவின் இடப்பக்கம், மேலே, ஒருவர் ஒற்றைக் காலில் நின்று இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கியிருக்கிறார். விலா எலும்பு எண்ணக்கூடிய அளவுக்கு உடம்பு வற்றிப்போயிருக்கிறது. அவர் பக்கத்தில் சிவன், ஒரு கை வரம் தரும் பாவனையில். கீழே சிறு கோயில், அதற்குள் திருமால், வெளியே தவத்தில் உட்கார்ந்த முனிவர்கள். ஆற்றங்கரையில் நிற்பதுபோல ஒருவர் துணியைப் பிழிகிறார், ஒருவர் குடத்தோடு நிற்கிறார். வலப்பக்கம் பெரிய யானைகள், அவற்றின் காலடியில் குட்டிகள். யானையின் முன்னால் ஒரு பூனை, மேலே இருக்கும் தவசியைப் போலவே பின்னங்காலில் நின்று கையைத் தூக்கித் தவம் செய்கிறது. சுற்றிலும் எலிகள், ஒன்றும் பயந்த மாதிரித் தெரியவில்லை.

இவ்வளவும் விவரிப்பு. இனிமேல்தான் கேள்வி வருகிறது: தவம் செய்பவர் யார்? ஊரில் அர்ச்சுனன் தபசு என்கிறார்கள். சிவனிடம் பாசுபதாஸ்திரம் வேண்டித் தவமிருந்த அர்ச்சுனன். 1914இல் கொலுபேவ் என்ற அறிஞர், இது பகீரதன் கங்கையைக் கொண்டுவந்த கதை என்று எழுதினார். அந்தப் பக்கத்துக்குச் சான்று என்ன என்று நீங்களே உங்கள் நோட்டைப் புரட்டிப் பாருங்கள்: நடுவில் பிளவு, அதில் நீர்வாழ் நாகர்கள், துணி பிழிபவர், குடம் ஏந்தியவர், பெரும்பாலான உருவங்கள் பிளவை நோக்கித் திரும்பியிருப்பது. மேலிருந்து தண்ணீர் விழச் செய்திருக்கலாம் என்பதும் இதோடு சேரும். சரி, அர்ச்சுனன் பக்கம்? சிவன் வரம் தரும் நிலை, தவத்தின் கடுமை, உள்ளூர் வழக்கு. ஆனால் அந்தக் கதையின் உயிரான காட்டுப்பன்றியும் வேடனாக வந்த சிவனும் எங்கே என்று எதிர்க்கட்சி கேட்கும். மூன்றாவதாக ஒரு கட்சியும் உண்டு: பல்லவர் கல்வெட்டுக் கவிதைகளில் ஒரே வரி இரண்டு பொருள் தருவது சகஜம், சிற்பத்திலும் அதைத்தான் செய்திருக்கிறார்கள், இரண்டு கதையும் சரி என்பவர்கள். நான் இந்த மூன்றாவது கட்சிக்காரன். நீங்கள் எந்தக் கட்சி என்பதில் யாருக்கும் அக்கறை இல்லை. எந்தக் கல்லைக் காட்டி வாதாடுகிறீர்கள் என்பதைத்தான் பேராசிரியர் பார்ப்பார்.

அதே ஊரில், இதே காட்சியைச் செதுக்கத் தொடங்கிப் பாதியில் விட்ட இன்னொரு பாறையும் இருக்கிறது. பயணிகள் அங்கே அதிகம் நிற்பதில்லை. நீங்கள் நில்லுங்கள். முடிந்த வேலையில் மறைந்துபோகும் முறையெல்லாம் முடியாத வேலையில் வெளியே கிடக்கும்.

3. காலம் சொல்லப் பழகுவது

முதல் பருவத்தில் எல்லோரையும் பயமுறுத்துவது ஸ்லைடு டெஸ்ட். திரையில் ஒரு படம் விழும், சில நிமிடத்தில் என்ன, எங்கே, எந்தக் காலம், என்ன பொருளால் ஆனது, ஏன் முக்கியம் என்று எழுத வேண்டும். இதற்காக நூற்றுக்கணக்கான படங்களைத் தனித்தனியாக உருப்போடுவது வீண். இரண்டிரண்டாகப் படியுங்கள். ஒரு பல்லவத் தூணையும் ஒரு சோழத் தூணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தானாகப் பேசும். திரையில் இரண்டு படங்களை அருகருகே காட்டிப் பாடம் நடத்தும் வழக்கம் இந்தத் துறையில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

தமிழகக் கோயில்களுக்கு நல்ல தொடக்கம் இரண்டு உறுப்புகள். ஒன்று போதிகை, அதாவது தூணுக்கும் உத்தரத்துக்கும் இடையில் தாங்கும் கல். பல்லவர் காலத்தில் அதன் அடிப்பக்கம் அலை அலையாக உருண்டிருக்கும். சோழர் காலத்தில் அந்த அலை போய், சாய்வாக வெட்டிய கோணமும் நடுவில் துருத்திய பகுதியும் வரும். பின்னால் விஜயநகரக் காலத்துக்கு வந்தால் நுனியில் தாமரை மொட்டு தொங்கும். இன்னொன்று கூடு, கூரை விளிம்பில் குதிரை லாட வடிவத்தில் வரும் சிறு வளைவு. பல்லவக் கூட்டின் உச்சி மண்வெட்டித் தலைபோல விரிந்திருக்கும். சோழக் கூட்டின் உச்சியில் சிங்க முகம். இப்படி உறுப்புகளை வரிசைப்படுத்திக் காலம் சொல்லும் முறையை இங்கே ஊன்றியவர் பாண்டிச்சேரியில் ஆசிரியராக இருந்த ழூவோ துப்ரேய் என்ற பிரெஞ்சுக்காரர். காஞ்சி கைலாசநாதர் கோயிலின் சுவரோவியங்களை 1931இல் கண்டெடுத்தவரும் அவர்தான்.

ஒரு எச்சரிக்கை. கட்டடத்துக்கு ஒரே ஒரு பிறந்த தேதி இருக்காது. பழைய மண்டபத்துத் தூணைப் பிடுங்கிப் புது மண்டபத்தில் நட்டிருப்பார்கள். தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றிய உள்வழியில் நாயக்கர் காலத்து ஓவியம்தான் கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி 1931இல் அந்த அடுக்குக்குக் கீழே சோழர் ஓவியம் இருப்பதைக் கண்டார். ஒரே சுவர், அறுநூறு ஆண்டு இடைவெளியில் இரண்டு சாந்துப் பூச்சு. அந்த உள்வழியைப் பொதுவாகத் திறந்துவிடுவதில்லை என்பதால் படப்பிரதிகளைத்தான் நம்ப வேண்டியிருக்கும்.

4. வாசிப்பு

தமிழ் வழியில் படித்து வருபவர்களுக்கு உண்மையான தடை இங்கேதான். முக்கியமான எழுத்தெல்லாம் ஆங்கிலத்தில், அதிலும் முறுக்கிப் பிழிந்த ஆங்கிலத்தில். இதற்கு மாயமந்திரம் இல்லை. ஆனால் வரிக்கு வரி அகராதி பார்த்துப் படிப்பதை முதல் வாரமே நிறுத்திவிடலாம். ஒரு கட்டுரையை எடுத்ததும் முதலில் படங்களைப் பாருங்கள். அப்புறம் முதல் இரண்டு பக்கம், கடைசி இரண்டு பக்கம். பிறகு மூன்று கேள்விகளுக்கு உங்கள் சொந்தத் தமிழில் பதில் எழுதுங்கள்: இவர் யாரோடு சண்டை போடுகிறார்? எந்தப் பொருளை, எந்த ஆவணத்தைச் சான்றாகக் காட்டுகிறார்? அந்தச் சான்று இல்லாவிட்டால் வாதம் நிற்குமா? மூன்றாவதற்குப் பதில் கிடைத்துவிட்டால் கட்டுரை கைக்குள் வந்துவிட்டது.

பெயர்களைக் கண்டு மிரள வேண்டாம். வடிவத்தை மட்டும் வைத்துப் பேச வைத்தவர் வொல்ஃப்லின். உருவத்தின் அடையாளத்திலிருந்து அதன் உள்ளர்த்தத்துக்குப் படிப்படியாகப் போகச் சொன்னவர் பானோஃப்ஸ்கி. பெரிய பெண் ஓவியர்கள் ஏன் இல்லை என்ற கேள்வியை 1971இல் திருப்பிப் போட்டு, பயிற்சிக்கூடங்கள் பெண்களை எப்படி வெளியே வைத்தன என்று காட்டியவர் லிண்டா நாக்லின். முதல் ஆண்டில் இவ்வளவு தெரிந்தால் வகுப்பில் திருதிருவென்று விழிக்க வேண்டியிருக்காது.

இந்தியக் கலையைப் பற்றிய வாசிப்பில் ஒரு சண்டையை மட்டும் முழுசாகத் தெரிந்துகொள்ளுங்கள். 1910இல் லண்டனில் நடந்த ஒரு கூட்டத்தில் ஜார்ஜ் பேர்ட்வுட் என்ற பிரிட்டிஷ் அறிஞர், ஜாவாவின் புத்தர் சிலை ஒன்றை வேகவைத்த கொழுப்புப் புட்டிங்கோடு ஒப்பிட்டார். கைவினைதான் இந்தியாவில் உண்டு, உயர்கலை கிடையாது என்பது அவர் கட்சி. எதிர்த்து நின்றவர்களில் ஒருவர் ஈ.பி. ஹேவல், 1884இல் சென்னைக் கலைப் பள்ளிக்குப் பொறுப்பேற்று வந்து பிறகு கல்கத்தாவுக்குப் போனவர். இன்னொருவர் ஆனந்த குமாரசுவாமி, 1877இல் கொழும்பில் பிறந்து, தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் மகனாக வளர்ந்து, 1917 முதல் பாஸ்டன் அருங்காட்சியகத்தில் இந்தியக் கலைக்குப் பொறுப்பாக இருந்தவர். இந்தியச் சிற்பம் என்றாலே ஆன்மிகம் என்று இன்றைக்கும் பேசுகிறோமே, அந்தப் பேச்சில் ஒரு பங்கு இந்தச் சண்டையில் பதில் சொல்லப்போய் உருவானது. இது புரிந்தால், பழைய புத்தகங்களை நம்புவதற்கும் சந்தேகப்படுவதற்கும் ஒரு அளவு கிடைக்கும்.

தமிழ் தெரிந்தவருக்கு ஒரு பெரிய சாதகமும் உண்டு. தேவாரமும் கல்வெட்டும் நேரடியாக வாசிக்கலாம். வெளியூர் ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் செலவழித்து எட்டும் இடத்தில் நீங்கள் தொடங்குகிறீர்கள். கல்வெட்டு எழுத்துகளைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். தமிழ்நாடு தொல்லியல் துறை நடத்தும் முதுநிலைப் பட்டயப் படிப்பில் அதை முறையாகச் சொல்லித் தருகிறார்கள்.

5. எழுதும்போது

முதல் அசைன்மென்ட் பெரும்பாலும் சிவப்பு மையோடு திரும்பி வரும். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: பாராட்டுச் சொற்கள். ஒரு உதாரணத்தோடு சொல்கிறேன். தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில் திருவெண்காட்டு ரிஷபவாகன மூர்த்தியின், அதாவது காளையை வாகனமாகக் கொண்ட சிவனின், செப்புத் திருமேனி இருக்கிறது. அதைப் பற்றி இப்படி எழுதுவார்கள்: "சோழர் கலையின் உன்னதப் படைப்பான இச்சிலையில் உயிரோட்டம் ததும்புகிறது. சிற்பியின் கைவண்ணம் காண்போரைப் பரவசத்தில் ஆழ்த்துகிறது." இதை எந்தச் சிலைக்கு வேண்டுமானாலும் தூக்கி ஒட்டலாம். எனவே மதிப்பெண் கிடையாது.

இப்போது சிலையின் முன்னால் நின்று எழுதிப் பார்ப்போம். சிவனுக்கு இங்கே இரண்டே கை. ஒரு கையை வெளியே நீட்டி, முழங்கையை மடித்து, விரல்களைத் தளர விட்டிருக்கிறார். அந்தக் கைக்குக் கீழே ஒன்றுமில்லை. காளை இருந்த இடம் காலி. இருந்தும் அவர் ஒரு காளைமேல் சாய்ந்திருக்கிறார் என்று நமக்குத் தெரிகிறது. எப்படி? இடுப்பு ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கிறது, ஒரு கால் மற்றக் காலுக்குக் குறுக்கே தளர்வாக வந்து நிற்கிறது, உடம்பின் பாரம் கை இருக்கும் பக்கம் போகிறது. இல்லாத காளையின் உயரத்தைக்கூட அந்தக் கையை வைத்து ஊகிக்கலாம். தலையில் வழக்கமான கிரீடம் இல்லை, சடையையே தலைப்பாகைபோலச் சுற்றியிருக்கிறார், அதில் பாம்புகள். இந்த விவரிப்புக்கு அடுத்துதான் வரலாறு வர வேண்டும்: திருவெண்காட்டுக் கல்வெட்டை வைத்து இதை 1011 அளவில், முதலாம் ராசராசன் ஆட்சியின் கடைசிக் காலத்தில் வைக்கிறார்கள். செப்புத் திருமேனிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஆண்டு கிடையாது. அதனால் ஆண்டு தெரிந்த இந்த ஒன்றை அளவுகோலாக வைத்து மற்றவற்றின் காலத்தைக் கணிக்கிறார்கள். 'ஏன் முக்கியம்' என்ற கேள்விக்கு இது பதில். பரவசம் பதில் இல்லை.

அடுத்து, கட்டுரைக்கு ஒரு கேள்வி வேண்டும். 'சோழர் செப்புத் திருமேனிகள்' என்பது தலைப்பு, கேள்வி இல்லை. 'வீதியுலாவில் பட்டும் பூவும் சாத்தி மறைத்துவிடப்போகும் உடம்பை ஏன் இவ்வளவு நுணுக்கமாக வார்த்தார்கள்?' என்பது கேள்வி. ஐந்து பக்கத்துக்குத் தாங்கும்.

6. களப்பயணத்துக்கு

வெள்ளிக்கிழமை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் திங்கட்கிழமை தில்லி தேசிய அருங்காட்சியகத்துக்கும் போகாதீர்கள், மூடியிருக்கும். பையில் பென்சில் (பேனாவை உள்ளே விடாத இடங்கள் உண்டு), தடித்த அட்டை போட்ட நோட்டு, சின்ன டார்ச், இஞ்ச் டேப் போதும். டார்ச்சை ஓவியத்தின்மேல் நெடுநேரம் அடிக்காதீர்கள். சிற்பத்துக்கு அதைப் பக்கவாட்டில் பிடித்தால் தேய்ந்துபோன கோடுகள் தெரியும். தொல்லியல் துறை இடங்களில் முக்காலி வைத்துப் படமெடுக்கத் தனி அனுமதி வேண்டும். வழிபாட்டில் உள்ள கோயில்களில் கைபேசிக்குத் தடை விதிக்கும்படி 2022இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதால், பல இடங்களில் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.

அதனால் கையால் வரைந்துகொள்ளுங்கள். வரைய வராது என்றவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். யாருக்கும் காட்டப்போவதில்லை, கோணல்மாணலாக இருந்தால் என்ன? தூணில் எத்தனை பட்டை என்று வரையும்போதுதான் எண்ணுவோம். படம் பிடித்தால் எண்ண மாட்டோம். அப்புறம் அர்ச்சகரிடமும் காவலரிடமும் பேசுங்கள். எந்தச் சன்னதியை எப்போது இடித்துக் கட்டினார்கள், எந்தச் சிலை எங்கிருந்து வந்தது என்பதெல்லாம் பல நேரம் அவர்களிடம்தான் இருக்கும். அவர்கள் சொல்வதை அப்படியே எழுதாமல், யார் சொன்னது, எப்போது சொன்னது என்று குறித்து வையுங்கள். சரிபார்ப்பது பிறகு.

7. காலண்டரைப் படிப்பது

காட்சிப் பண்பாட்டுத் தாளுக்கு வரும்போது பலர் இது சுலபம் என்று நினைத்துவிடுவார்கள். சினிமா போஸ்டர்தானே! உண்மையில் இதுதான் கடினம். சான்றுகளை யாரும் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருப்பதில்லை.

வீட்டுப் பூஜை அறையில் இருக்கும் ஒரு பழைய முருகன் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் ஓவியரின் கையெழுத்து இருக்கிறதா? எந்த அச்சகம்? கீழே எந்தக் கடையின் பெயர்? தேதித்தாள் கிழித்த தடம் இருக்கிறதா? முகத்தில் மட்டும் குங்குமமும் சந்தனமும் படிந்திருக்கிறதா? ஒரு ஜவுளிக்கடை விளம்பரமாக வந்த தாள், ஆண்டு முடிந்ததும் தேதிப்பகுதி வெட்டப்பட்டு, சட்டம் போட்டுத் தெய்வமாகியிருக்கிறது. அந்த மாற்றம்தான் உங்கள் ஆய்வுப்பொருள். பின்னோக்கிப் போனால் 1894இல் ரவி வர்மா பம்பாயில் தொடங்கிய அச்சகம் வரும். எண்ணெய் வண்ண ஓவியத்தை ஏழை வீட்டுச் சுவருக்குக் கொண்டுபோனது அதுபோன்ற அச்சகங்கள்தான். இந்தப் பக்கம் வந்தால் கோவில்பட்டியிலிருந்து சாமி படங்கள் வரைந்த கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும், அவற்றை லட்சக்கணக்கில் அச்சடித்த சிவகாசியும்.

சான்று தேடும் இடம் என்று கேட்டால், சென்னைத் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூரில் ஒரு தனிமனிதர் சேர்த்துவைத்த புத்தகங்களையும் இதழ்களையும் துண்டுப் பிரசுரங்களையும் அடித்தளமாகக் கொண்டு 1994இல் உருவானது. பாட்டுப் புத்தகம், நாடக நோட்டீஸ் போன்றவற்றை மதித்துப் பாதுகாக்கும் இடங்கள் குறைவு, அதில் இது ஒன்று.

படங்கள் வேண்டுமா? நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017இல் மூன்றே முக்கால் லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களை யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. ஆய்வேட்டில் போடும் ஒவ்வொரு படத்துக்கும் எங்கிருந்து எடுத்தது என்று அன்றைக்கே குறித்து வையுங்கள். சமர்ப்பிக்கும் முந்தின இரவில் தேடினால் கிடைக்காது.

8. இந்தப் பொருள் இங்கே எப்படி வந்தது?

எந்த அருங்காட்சியகத்துக்குள் போனாலும் பொருளின் பக்கத்தில் இருக்கும் விவரச் சீட்டின் கடைசி வரியைப் படியுங்கள். யார் கொடுத்தது, எந்த ஆண்டு வாங்கியது. ஆந்திராவில் உள்ள அமராவதிப் பௌத்தத் தூபியின் கற்களை வால்டர் எலியட் 1845இல் தோண்டி எடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். அவற்றில் ஒரு பங்கு 1859இல் லண்டனுக்குக் கப்பல் ஏறியது. இன்றைக்கு ஒரே தூபியைப் பார்க்க எழும்பூருக்கும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கும் போக வேண்டும்.

அண்மைக் கதை இன்னும் கசப்பு. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானில் இருந்து திருடுபோன நடராசரை, ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 2008இல் சுமார் ஐம்பது லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது. கைமாறிய வரலாறு என்று காட்டப்பட்ட காகிதங்கள் போலி. பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் திருட்டுக்கு முன்பே அந்தச் சிலையைப் படமெடுத்து வைத்திருந்தார்கள். அந்தக் கறுப்பு வெள்ளைப் படங்கள்தான் அடையாளம் காட்டின. 2014இல் சிலை திரும்பியது. கடத்தலுக்குப் பின்னால் இருந்த சுபாஷ் கபூருக்குக் கும்பகோணம் நீதிமன்றம் 2022இல் தண்டனை விதித்தது. ஊர் ஊராகப் போய்ச் சிலைகளைப் படமெடுத்து அட்டவணை போடும் வேலை எவ்வளவு சலிப்பானதாகத் தோன்றினாலும், முதல் ஆண்டில் உங்களுக்கு அந்த வேலை கொடுத்தால் முகம் சுளிக்காமல் செய்யுங்கள்.

9. வேலை, சம்பளம்

வீட்டில் கேட்பார்கள், அதனால் பதிலைத் தயாராக வைத்துக்கொள்வது நல்லது. கைநிறையச் சம்பளம் என்று வாக்குக் கொடுக்க முடியாது. அருங்காட்சியகக் காப்பாட்சியர் பணி அரசுத் தேர்வு வழியாக, எப்போதாவதுதான் வரும். கல்லூரி ஆசிரியர் வேலைக்கான தகுதித் தேர்வான யுஜிசி நெட்டில் காட்சிக் கலைத் தாள் எழுத வேண்டும், அதில் கலை வரலாறு ஒரு விருப்பப் பிரிவு. ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால், 2023 முதல் மாதந்தோறும் 37,000 ரூபாய். தனியார் பக்கம் ஏல நிறுவனங்கள், கலைக்கூடங்கள், ஆவணக் காப்பகங்கள், பதிப்பகங்கள், பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்பு நிறுவனங்கள் எல்லாம் ஆள் எடுக்கின்றன. பொருள் பாதுகாப்பில் வேதியியல் தெரிந்தவருக்குத் தனி மதிப்பு. பி.எஸ்சி. வேதியியல் படித்துவிட்டு வந்தவர்கள் அதை வீணான மூன்று வருடம் என்று எண்ண வேண்டாம்.

இன்டர்ன்ஷிப்பை இரண்டாம் பருவத்திலேயே தேடத் தொடங்குங்கள். பெரும்பாலும் பணம் தர மாட்டார்கள், வீட்டிலிருந்து போய்வரக்கூடிய தூரமாகப் பாருங்கள். விண்ணப்பத்தோடு மூன்று எழுத்து மாதிரிகள் போதும்: ஒரே பொருளைப் பற்றிய இரண்டு பக்க விவரிப்பு ஒன்று, ஒரு கண்காட்சி பற்றிய மதிப்புரை ஒன்று, நீங்களே தயாரித்த அட்டவணை ஒன்று. மூன்றாவதில் இருபது பொருள் இருந்தாலும் பரவாயில்லை, ஒவ்வொன்றுக்கும் அளவு, எதனால் ஆனது, இடம், படம் எடுத்த தேதி சரியாக இருக்க வேண்டும். நேர்காணலில் அதைத்தான் முதலில் புரட்டுவார்கள்.